விட்டுச்செல்ல வேண்டியவை

ஓரிடத்தில் வளர்ந்த ஒன்றை அவ்விடத்தினின்றும் பெயர்த்து மற்றோரிடத்தில் வாழவைத்தல் எளிதன்று. பெயர்க்கும்போது எதனை உடன்கொண்டு செல்வது என்று எண்ணுவோர் பலர். எதனை விட்டுச்செல்வது என்று எண்ணுவோர் சிலரே. கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் இதனை விளக்குவதற்கு நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. இங்கே மணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டிற் சென்று வாழ்வதே வழக்கம். வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை தன் உடுப்புகளையும் தொழிலையும் பழக்கங்களையும் கொண்டுசெல்வான்; தாய்வீட்டுத் திறப்பை எடுத்துச் செல்வதில்லை. எடுத்துச் சென்றாலும் அது அங்கே எந்தக் கதவையும் திறக்கப்போவதில்லை. அது கைமாறிப் பிறரிடம் அகப்பட்டுவிடின் தாய்வீட்டுக்குக் கேடாகவும் முடியலாம்.

சாய்ந்தமருதைச் சேர்ந்த ஓர் இளைஞன் 2022ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் இவ்வுண்மையைக் கணினியின் வாயிலாகக் கற்றுக்கொண்டான். மெய்நிகர் பொறியொன்றின் வட்டுக் கோப்பை, எந்தக் கணினியிலும் தானே துவங்கி இயங்கக்கூடியதும் விரும்பினால் நிரந்தரமாக நிறுவிக்கொள்ளக்கூடியதுமான ஊடகமாக மாற்றுவதே அவன் மேற்கொண்ட வேலை. தொழினுட்பம் பயின்றோர்க்கு இது சிறு வேலையாகத் தோன்றலாம். அவனுக்கோ அது ஒரு வகுப்பின் எதிர்காலமாகவும், பின்னர் ஒரு தாயின் மானம் பற்றிய கேள்வியாகவும் அமைந்தது.

மெய்நிகர் பொறி என்பது பொறிக்குள் இயங்கும் பொறி. ஒரே கணினியைப் பல கணினிகள்போலத் தோற்றுவித்துப் பலருக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை ஐபிஎம் நிறுவனம் தனது பெருங்கணினிகளில் வளர்த்து, 1972இல் வீஎம்/370 என்னும் பெயரில் வெளியிட்டது. பிற்காலத்தில் அம்முறை சாதாரண மேசைக் கணினிக்கும் இறங்கி வந்தது. 2003இல் ஃபப்ரிஸ் பெல்லார்ட் வெளியிட்ட கியூஎமுவும், 2007இல் வெளிவந்த விர்ச்சுவல்பொக்சும் மாணவருக்கும் எட்டும் கருவிகளாயின. உள்ளிருக்கும் பொறி தனக்கென வன்தட்டு ஒன்று இருப்பதாகவே நம்பும். உண்மையில் அது வெளிப்பொறியிற் கிடக்கும் ஒற்றைக் கோப்பேயாகும். அக்கோப்பினுள்ளே பிரிப்பட்டியல், துவக்க நிரல், கோப்பு முறைமை என ஒரு வன்தட்டின் உறுப்புகள் யாவும் வரிசை பிசகாமல் அடங்கியிருக்கும்.

அவ்விளைஞன் இம்முறையை நாடியதற்குக் காரணம் எளியது. அவன் பாவித்த மடிக்கணினி அவனுடையதன்று, அவனுடைய காக்காவினுடையது. அதிலிருந்த விண்டோசை அசைக்கக்கூடாது என்பது நிபந்தனை. ஆகவே அதனுள்ளே விர்ச்சுவல்பொக்ஸ் மூலம் தனக்கென ஓர் அறையை ஒதுக்கிக்கொண்டு, அங்கே டெபியன் லினக்ஸ் முறைமையை நிறுவினான். பல மாதங்கள் உழைத்து அதனைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏற்றதாக்கினான். இலங்கையின் தமிழ்த் தரமான எஸ்எல்எஸ் 1326 ஏற்றுக்கொண்ட ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு, எழுத்துருக்கள், லிப்ரே ஒஃபிஸ், பைத்தன், சிறுவருக்கான ஜீகொம்ப்ரி, இணையமின்றியே தமிழ் விக்கிப்பீடியாவை வாசிக்க உதவும் கிவிக்ஸ், கடந்தகால வினாத்தாள்கள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தினான். பட்டியல்களின் மொழியைத் தமிழாக்கிச் சொற்கள் பெட்டிக்குள் வெட்டுப்படாமல் நிற்கும்வரை எழுத்தின் அளவைத் திருத்தினான். அயலவர்களுக்குத் தமிழிற் கடிதங்களையும் மனுக்களையும் தட்டச்சுச் செய்துகொடுத்ததும் அதே முறைமையிலேதான்.

வீட்டின் முன்னறையில் அவன் நடத்திய வகுப்புக்கு ஐந்து கணினிகள் இருந்தன. ஐந்தும் பாவித்தவை, ஐந்தும் வெவ்வேறு நிறுவனத்தவை. பெரும்பாலானவற்றில் 2 கிகாபைற்று நினைவகமே இருந்தது. மெய்நிகர் பொறியை இயக்குவதாயின் வெளிமுறைமைக்கு ஒரு பங்கும் உள்முறைமைக்கு இன்னொரு பங்கும் நினைவகம் வேண்டும். அந்தக் கணினிகளோ ஒன்றையே சுமக்கத் திணறின. புதிய கணினி வாங்கும் எண்ணத்துக்கு இடமேயில்லை. 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதி சரிந்ததும் விலைகள் எட்டாத உயரத்துக்குச் சென்றன. அம்மாத இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. மின்சாரம் வருவதும் போவதுமாயிருந்த வேளையில், ஐந்து கணினிகளிலும் ஒவ்வொன்றாக இணையத்திலிருந்து யாவற்றையும் இறக்கி நிறுவுவது நடவாத காரியம். மே 23ஆம் திகதி சாதாரண தரப் பரீட்சை தொடங்கவிருந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக மற்றொரு நெருக்கடியும் வந்தது. காக்காவுக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. "பெருநாள் முடிஞ்சு வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நான் போறன். மடிக்கணினி என்னோட வரும். அதுக்குள்ள உன்ட சாமான எடுத்துக்க" என்று அவர் கூறிவிட்டார். உரிமையுள்ளவர் தம் பொருளைக் கேட்டதிற் பிழையில்லை. ஆனால் அந்த இளைஞனின் உழைப்பு முழுவதும் மற்றொருவரின் பொறிக்குள் ஒரு கோப்பாகக் கிடந்தது. அதனை வெளியே எடுக்கவேண்டும். எடுத்து, பொறி வேறுபாடு பாராமல் எங்கும் எழுந்து நடக்கும்படி செய்யவேண்டும்.

இதற்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. ஜேர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் நொப்பர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நொப்பிக்ஸ், ஏறத்தாழ 2 கிகாபைற்று மென்பொருள்களைச் சுருக்கி ஒற்றை இறுவட்டில் அடக்கியது. வன்தட்டைத் தொடாமலே முழு முறைமையும் இறுவட்டிலிருந்து இயங்கியதை உலகம் வியப்புடன் நோக்கியது. இந்தியாவில் சீடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளுக்கென 2007இல் பொஸ் லினக்சை வெளியிட்டது. நமது நாட்டிலும் ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்ட ஹந்தான லினக்ஸ் 2009இல் தோன்றியது. பேராதனையின் பக்கத்து மலைத்தொடரின் பெயரையே அது தாங்கியது. தமக்கு வேண்டியவாறு முறைமையை அமைத்து, அதனை எவர் கையிலும் கொடுக்கத்தக்க வட்டாக்குதல் நம்மவர்க்குப் புதிதன்று என்பதை இவை காட்டுகின்றன.

ஆயினும் அவ்விளைஞன் முதலில் தேர்ந்துகொண்டது குறுக்குவழி. வட்டுக் கோப்பைக் கியூஎமுவுடன் வரும் மாற்றுக் கருவியைக் கொண்டு வெற்று வட்டுருவாக மாற்றி, அவ்வுருவை அப்படியே பென் ட்ரைவில் எழுதிவிட்டான். வட்டுக்கு வட்டு சரியாக இருக்கையில் வேறென்ன வேண்டும் என்பது அவன் எண்ணம். அவனுக்கு எச்சரிக்கை உணர்வு அறவே இல்லை என்று கூறுவதற்கில்லை. எழுதுவதற்கு முன்னர் அயலவரின் கடிதங்கள் இருந்த கோப்புறையை அழித்தான், குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கினான். அவ்வாறு ஆயத்தமான பென் ட்ரைவுகளில் நான்கினை, தன்னைப் போலவே வகுப்பு நடத்திய நண்பர்களுக்கும் ஆர்வமுள்ள மாணவர்க்கும் கொடுத்தான். ஒன்று மருதமுனைக்கும், ஒன்று நிந்தவூருக்கும், ஒன்று அட்டாளைச்சேனைக்கும் சென்றன; மற்றொன்று சாய்ந்தமருதிலேயே தங்கிற்று.

குறைகள் உடனடியாகத் தலைகாட்டின. மெய்நிகர் வட்டு 40 கிகாபைற்று என வகுக்கப்பட்டிருந்தது. அதிற் காற்பங்குக்குச் சற்று மேலேயே உண்மையிற் பாவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் வெற்று வட்டுரு வெறுமையான இடத்தையும் சுமந்தேயாகவேண்டும். ஆகவே 64 கிகாபைற்றுப் பென் ட்ரைவ் இன்றி அது அடங்கவில்லை. பழைய பயோஸ் முறையில் துவங்குமாறு அமைந்த அம்முறைமை, யூஈஎஃப்ஐ முறையில் மட்டும் துவங்கும் புதிய மடிக்கணினியில் எழும்பவேயில்லை. ஓயாது எழுதியும் அழித்தும் நடந்த முறைமையின் வேகத்துக்குப் பென் ட்ரைவ் ஈடுகொடுக்கவில்லை. மின்வெட்டு வந்து திடீரென அணைந்தபோது ஒன்றின் கோப்பு முறைமை பழுதடைந்தது. நான்கும் ஒரே கணினிப் பெயர், ஒரே அடையாள எண், ஒரே கடவுச்சொல் ஆகியவற்றையே கொண்டிருந்தன. ஒரு வீட்டின் திறப்பை நான்கு பிரதி செய்து நான்கு ஊருக்கும் அனுப்பியதற்கு இது ஒப்பாகும்.

இக்குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவியலாதது நோன்பின் இரண்டாவது வாரத்தில் வந்தது. நிந்தவூரிலிருந்து ஒரு மாணவன் தொலைபேசியில் அழைத்தான். அழிந்துபோன கோப்புகளை மீட்கும் மென்பொருளொன்றைப் பழகிப் பார்ப்பதற்காக அவன் அந்தப் பென் ட்ரைவையே எடுத்திருந்தான்.

"காக்கா, நீங்க தந்த பென் ட்ரைவுக்குள்ள ஆரோ ஒரு உம்மாட கடிதம் கிடக்கு. நான் முழுக்க வாசிக்கல்ல. ஆனா மத்தப் பென் ட்ரைவுகளிலயும் இது கிடக்கும்தானே?"

கிடக்கும். அதிலே ஐயமில்லை. கோப்பொன்றை அழித்தல் என்பது பெரும்பாலும் பதிவேட்டிலிருந்து அதன் பெயரை நீக்குவதேயாகும். காணிப் பதிவில் உரியவரின் பெயரை வெட்டிவிட்டாலும் வளவும் கிணறும் அங்கேயே கிடப்பதுபோல, கடிதத்தின் எழுத்துகள் வட்டின் கட்டங்களில் அப்படியே கிடக்கும். வேறொரு கோப்பு அவ்விடத்தில் எழுதப்படும்வரை அவை மறைவதில்லை. வட்டுருவைக் கட்டம் கட்டமாகப் பிரதி செய்பவர், கண்ணுக்குத் தெரியும் கோப்புகளை மட்டுமன்றி அழிக்கப்பட்டவற்றின் எச்சங்களையும் பிரதி செய்கிறார். வெற்றிடத்தைச் சுழியங்களால் நிரப்பியபின் பிரதி செய்திருந்தால் இக்கேடு நேர்ந்திராது. அவன் அதனைச் செய்யவில்லை.

அக்கடிதம் அயல்வீட்டுத் தாயொருவருடையது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த கடல், நாட்டின் மாவட்டங்களுள் அம்பாறையிலேயே மிகுதியான உயிர்களைக் கொண்டுசென்றது. அதன் பின்னர் வடக்குக் கிழக்கிற் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அரசு முதலில் விதித்தது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. இதற்கிடையில் எத்தனையோ தாய்மாரின் வீட்டு வளவுகள் உறுதியற்ற நிலைக்கு உள்ளாயின. மகளுக்கு வீடு கொடுத்தே மணம் முடிக்கவேண்டிய சமூகத்தில், வளவை இழத்தல் நிலத்தை இழத்தல் மட்டுமன்று. ஒரு பெண்ணின் வாழ்வு தள்ளிப்போவதுமாகும். கணவரைக் கடலுக்குக் கொடுத்த அத்தாய், தம் வளவு பற்றிப் பிரதேச செயலகத்துக்கு எழுதிய மனுவில் குடும்பத்துக்குள் நடந்த பிணக்கையும் மகளின் பேச்சு முறிந்த செய்தியையும் ஒளிவின்றிச் சொல்லியிருந்தார். அதிகாரிகள் இரங்கவேண்டும் என்பதற்காகச் சொல்லியவை அவை. அயலூர் அறியவேண்டும் என்பதற்காகச் சொல்லியவை அல்ல.

அந்நாட்களில் எரிபொருள் நிலையங்களில் வரிசைகள் நீண்டிருந்தன. அவன் நோன்புடன் துவிச்சக்கரவண்டியில் அக்கரைப்பற்று வீதியிற் புறப்பட்டான். காரைதீவைக் கடந்து நிந்தவூருக்கும், அங்கிருந்து ஒலுவில், பாலமுனை வழியாக அட்டாளைச்சேனைக்கும் சென்றான். மறுநாள் வடக்கே மருதமுனைக்குச் சென்றான். தான் கொடுத்தவற்றை மீளப் பெற்று, அவற்றிலிருந்து வேறு பிரதிகள் எடுக்கப்படவில்லை என்பதையும் கேட்டறிந்துகொண்டான். அதன்பின் செய்யவேண்டியிருந்தது இன்னும் கடினமானது. அயல்வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னான். சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரியவந்திராது என்பது உண்மை. ஆயினும் அவன் சொன்னான்.

அத்தாய் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "மகன், எழுதச் சொல்லித் தந்தது உன்னட்ட. வாசிக்கத் தந்தது கந்தோருக்கு. அதுக்கு நடுவால வேற ஆரும் வரக்கூடாது" என்றார்.

"வரமாட்டாங்க மாமி" என்று மட்டுமே அவனாற் கூறமுடிந்தது. அவ்வாக்கைக் காப்பதற்குரிய வழியை அவன் கணினியிலேயே தேடவேண்டியிருந்தது.

எஞ்சியிருந்த நாட்களில், தராவீஹ் தொழுகை முடிந்து சஹர் வரையுள்ள நேரம் அவனுக்கு வேலை நேரமாயிற்று. முதலில் ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து நடுவே கோடிட்டான். இடப்பக்கத்தில் எடுத்துச் செல்ல வேண்டியவற்றையும் வலப்பக்கத்தில் விட்டுச்செல்ல வேண்டியவற்றையும் எழுதினான். இடப்பக்கத்தை எழுதிமுடிக்க ஓரிரவு போதுமாயிருந்தது. வலப்பக்கம் நாளுக்கு நாள் நீண்டது. அயலவரின் கடிதங்கள், மாணவரின் புள்ளிப் பட்டியல், உலாவி நினைவில் வைத்திருந்த கடவுச்சொற்கள், அண்மையில் திறந்த கோப்புகளின் பெயர்கள், முனையத்தில் தட்டிய கட்டளைகளின் வரலாறு, வீட்டு வைஃபையின் கடவுச்சொல், குறிப்பேடுகள், தற்காலிகக் கோப்புகள் என அது வளர்ந்துகொண்டே சென்றது. முறைமை தனக்கென வைத்திருந்தவையும் அதில் இடம்பெற்றன. எந்தப் பிரிவு எங்கே பொருந்தும் எனக் கூறும் எஃப்எஸ்டாப் கோப்பு, கணினியின் தனி அடையாள எண்ணான மெஷின்-ஐடி, எஸ்எஸ்எச் சேவைக்கான மறைசாவிகள், விர்ச்சுவல்பொக்சின் விருந்தினர் இணைப்புகள் ஆகியன அவை. இவை யாவும் ஒரு குறித்த பொறியில் வாழ்ந்ததன் தடயங்கள். அந்தப் பொறிக்கு அவை இன்றியமையாதன. மற்றப் பொறிக்கு அவை பயனற்றன அல்லது கேடுவிளைப்பன.

பின்னர் அவன் வட்டுருவைக் கட்டம் கட்டமாக அன்றி, கோப்புக் கோப்பாக அணுகினான். வட்டுருவைத் திறந்து அதன் கோப்பு முறைமையை ஒரு கோப்புறையிற் பொருத்தி, யாவற்றையும் வேறொரு கோப்புறைக்குப் பிரதி செய்தான். வலப்பக்கத்திற் குறித்தவற்றை அப்பிரதியிலிருந்து நீக்கினான். கோப்புக் கோப்பாகப் பிரதி செய்யும்போது பதிவேட்டில் உள்ளவையே பெயர்ந்து வரும். அழிக்கப்பட்டவற்றின் எச்சங்கள் பழைய வட்டுருவிலேயே தங்கிவிடும். மாமிக்குக் கொடுத்த வாக்கைக் காத்தது இந்தச் சிறு வேறுபாடேயாகும்.

அதன் பின்னர் லைவ்-பூட் என்னும் தொகுதியை அப்பிரதிக்குள் நிறுவி, துவக்க நினைவக உருவை மீண்டும் கட்டினான். கணினி விழித்தெழும் முதற் கணங்களில் கருநிரலுக்கு வழிகாட்டுவது இவ்வுருவே. முறைமை இருக்கும் ஊடகம் பென் ட்ரைவா, இறுவட்டா எனத் தேடிக் கண்டுபிடிப்பதற்கான சாதனச் செலுத்திகள் அதனுள் இருத்தல் அவசியம். தாய்ப்பொறியின் வன்தட்டை மட்டும் அறிந்த உரு, அயற்பொறியின் வாசலிலேயே நின்றுவிடும்.

அடுத்தது சுருக்குதல். 2009இல் லினக்ஸ் கருநிரலுடன் இணைக்கப்பட்ட ஸ்குவாஷ்எஃப்எஸ் என்னும் முறைமை, கோப்புகளை இறுகச் சுருக்கி வாசிப்பதற்கு மட்டும் உரியதாக அடைக்கிறது. அவ்வாறு அடைத்த கோப்பு 4 கிகாபைற்றைத் தாண்டியது. பென் ட்ரைவுகளில் வழமையாக உள்ள ஃபற்32 முறைமை அவ்வளவு பெரிய ஒற்றைக் கோப்பை ஏற்பதில்லை. சில கணினிகளுக்கு அம்முறைமையிலேயே பிரதி செய்து கொடுக்க நேரலாம். காரணத்தைத் தேடியபோது, தமிழ் விக்கிப்பீடியாவின் கிவிக்ஸ் கோப்பே பாரமாயிருந்தது. முன்னரே சுருக்கப்பட்டது மீண்டும் சுருங்காது. அதனைத் தனியாக எடுத்து, வேண்டியவர்க்கு வேறாகக் கொடுப்பதெனத் தீர்மானித்தான்.

வாசிக்க மட்டும் உரிய முறைமையில் மாணவன் எங்ஙனம் எழுதுவான் என்னும் வினா எழலாம். அடைத்த முறைமையின் மேல், நினைவகத்தில் மெல்லிய படையொன்று விரிக்கப்படுகிறது. எழுதுவன யாவும் அப்படையிலேயே படிகின்றன. கணினி அணைந்ததும் படை கலைந்துவிடும். 2014இல் லினக்ஸ் கருநிரலில் இடம்பெற்ற ஓவர்லேஎஃப்எஸ் இதனைச் செய்கிறது. இதனால் மின்வெட்டு வந்தாலும் அடிப்படை முறைமை பழுதடைவதில்லை. ஆனால் மாணவன் எழுதிய கட்டுரை போய்விடும். ஆகையால் ஒவ்வொரு மாணவனுக்கும் தனிப் பிரிவொன்று ஒதுக்கி, அதற்குப் 'பெர்சிஸ்டன்ஸ்' என்னும் அடையாளப் பெயரிட்டு, வீட்டுக் கோப்புறை மட்டும் அதில் நிலைக்குமாறு செய்தான். முறைமை எல்லோர்க்கும் பொது; எழுதியவை எழுதியவர்க்கே உரியன. முதன்முறை அவன் கலந்துவிட்ட இரண்டும் இம்முறை வெவ்வேறாயின.

இறுதியில் எல்லாவற்றையும் ஓர் ஐஎஸ்ஓ கோப்பாக்கினான். இறுவட்டின் கோப்பு ஒழுங்கை வகுத்த ஐஎஸ்ஓ 9660 தரம் 1988இல் உருவானது. இறுவட்டிலிருந்து கணினி துவங்குவதற்கான முறையை ஃபீனிக்ஸ், ஐபிஎம் ஆகிய நிறுவனங்கள் 1995இல் வகுத்து, கலிபோர்னியாவிலுள்ள உணவகமொன்றின் பெயரால் எல் டொரிடோ என அழைத்தன. ஐஎஸ்ஓ 9660 தன் தொடக்கத்தில் 16 பிரிவுகளை, அதாவது 32,768 பைற்றுகளை, எவருக்கும் ஒதுக்காது வெறுமையாக விட்டுள்ளது. வன்தட்டுக்குரிய துவக்க நிரலைப் பின்வந்தோர் அவ்வெறுமையிலேயே வைத்தனர். அதனாலேயே ஒரே கோப்பு இறுவட்டில் எழுதினாலும் பென் ட்ரைவில் எழுதினாலும் துவங்குகிறது. யூஈஎஃப்ஐ கணினிகளுக்கெனத் துவக்க நிரலுடன் சிறு ஃபற் பிரிவொன்றும் சேர்க்கப்பட்டது. சொரிசோ என்னும் கருவி இவற்றையெல்லாம் ஒருசேரக் கட்டித்தந்தது.

முதற் கோப்பு துவங்கவில்லை. கருநிரலுக்குக் கொடுக்கவேண்டிய 'பூட்=லைவ்' என்னும் குறிப்பை அவன் மறந்திருந்தான். இரண்டாவது மெய்நிகர் பொறியில் துவங்கியது. வகுப்பறைக் கணினிகளுள் இரண்டில் திரை இருளாகவே நின்றது. அவற்றின் வரைகலைச் சில்லுக்கு வேண்டிய நிலைப்பொருள் தாய்ப்பொறியில் தேவைப்படாததால் நிறுவப்பட்டிருக்கவில்லை. மெய்நிகர் பொறி தன் வீட்டாருக்கு ஒழுங்கான, குறைந்த எண்ணிக்கையான சாதனங்களையே காட்டுகிறது. மெய்யுலகம் அவ்வளவு ஒழுங்கானதன்று. மூன்றாவது கோப்பு ஐந்து கணினிகளிலும் எழுந்தது. அதனைக் கையளிக்கும் முன்னர் நிந்தவூர் மாணவனிடமே கொடுத்து, அதே மீட்பு மென்பொருளால் துருவிப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டான். அம்மாணவன் இரண்டு நாள் முயன்றபின், "ஒண்டுமில்ல காக்கா" என்று அறிவித்தான். இந்தச் சோதனையை முதன்முறையே செய்திருக்கவேண்டும் என்பதை அந்த இளைஞன் மறைக்கவில்லை.

பெருநாள் மே 3ஆம் திகதி வந்தது. வெள்ளிக்கிழமை காக்கா மடிக்கணினியுடன் புறப்பட்டார். புறப்படுமுன் தம்பி அதிலிருந்த மெய்நிகர் வட்டுக் கோப்பைச் சுழியங்களால் மேலெழுதி அழித்துவிட்டான். மாதக்கணக்கில் வாழ்ந்த அறை அது. அதனை அழிக்கையில் அவன் கலங்கவில்லை. அதிலிருந்து எடுக்கவேண்டியவை எடுக்கப்பட்டுவிட்டன.

ஊடகத்தோடு நிறுவியாகிய கலமாரஸ் என்னும் மென்பொருளும் இணைக்கப்பட்டிருந்தது. அது சுருக்கிய முறைமையை வன்தட்டில் விரித்து, அந்தக் கணினிக்குரிய புதிய பிரிவுப் பட்டியலை எழுதி, துவக்க நிரலை அமைக்கிறது. மெஷின்-ஐடி வெறுமையாக விடப்பட்டிருந்ததால் ஒவ்வொரு கணினியும் முதன்முறை எழும்போது தனக்கெனப் புதியதொரு எண்ணைப் பெற்றுக்கொண்டது. மறைசாவிகளை ஒவ்வொன்றும் புதிதாக ஆக்கிக்கொள்ளவும் அவன் வழிசெய்திருந்தான். ஒரே தாயிடமிருந்து வந்த ஐந்தும் ஐந்து வீடுகளாயின. பரீட்சைக்கு முந்திய இரண்டு வாரங்களும் அந்த முன்னறையில் மின்சாரம் இருந்த நேரமெல்லாம் பிள்ளைகள் இருந்தார்கள். அயல்வீட்டு மாமியின் இளைய மகளும் அவர்களுள் ஒருத்தி. அவரை வகுப்புக்கு அனுப்பியதே மாமியின் மறுமொழியாக அந்த இளைஞனுக்குத் தோன்றியது.

இது ஒரு சிற்றூர் வகுப்பறையின் செய்தியாயினும் அதன் பயன் அவ்வளவில் நிற்பதன்று. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான பொதுவான பராமரிப்பை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளற்ற கணினிகள் நமது பாடசாலைகளிலும் வீடுகளிலும் ஏராளம். அவற்றைப் பயன்படத்தக்க நிலையில் வைத்திருக்கத் தமிழில் ஆயத்தமான லைவ் ஊடகங்கள் இன்னும் பல தேவைப்படும். அவற்றை ஆக்கும் திறமை பல்கலைக்கழக மாணவரிடம் உண்டு. ஆய்வுகூடத்துப் பொறிகளுக்குள் அவர்கள் கட்டிவைத்த மெய்நிகர் முறைமைகளும் உண்டு. அவற்றை வெளியே கொண்டுவருவோர், பிரதி செய்யும் கருவியைக் கையிலெடுக்குமுன் கொப்பியொன்றில் நடுக்கோடு இடுவது நலம். வட்டுக் கோப்பினுள் இருப்பது மென்பொருள் மட்டுமன்று. அதனருகே அமர்ந்து தம் குறையைச் சொன்னவர்களும் அதனுள் இருக்கிறார்கள். அவர்கள் எங்கும் செல்வதற்கு உடன்பட்டவர்களல்லர்.

அந்தப் பயிற்சிக் கொப்பி இன்றும் வகுப்பறை மேசையிற் கிடக்கிறது. ஊடகத்தின் புதிய பதிப்பொன்றை ஆக்கும்போதெல்லாம் அவன் அதனை விரித்துச் சரிபார்க்கிறான். இடப்பக்கத்திற் பல வரிகள் வெட்டப்பட்டும் மாற்றப்பட்டும் உள்ளன. மென்பொருள்கள் மாறும்போது அவையும் மாறுகின்றன. வலப்பக்கத்தில் இதுவரை ஒரு வரியும் வெட்டப்படவில்லை.